பொற்கொம்பில் ஒரு வாணவேடிக்கை

சில ஆண்டுகளுக்கு முன்னர், உம்ராவை நிறைவேற்றித் திரும்பும் வழியில், இஸ்தான்புல் மாநகரில் மூன்று நாட்கள் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டிற்று. இறுதி நாள் அக்டோபர் 29. துருக்கி 1923-இல் குடியரசாக அறிவிக்கப்பெற்ற நாள் அதுவாதலின் நகரம் விழாக்கோலம் பூண்டிருந்தது. உடன் வந்திருந்த நம் சகோதரியின் மகன், மாலையில் சுற்றுலாப் படகில் சென்றால் வாணவேடிக்கையை நீரிலிருந்தே காணலாம் என்று கூறி, நம் தயக்கத்தைப் பொருட்படுத்தாது சீட்டும் வாங்கி வந்துவிட்டான்.

படகு எமினோனுத் துறையிலிருந்து புறப்பட்டது. பாஸ்பரஸ் நீரிணையின் ஒரு கரை ஐரோப்பா. மறு கரை ஆசியா. இந்நீரில் பயணிகளை ஏற்றிச் செல்வதற்கென 1851-இல் தோன்றிய கப்பல் நிறுவனத்திற்கு ‘ஷிர்கத்தே ஹைரிய்யா’ என்று அரபுச் சொற்களால் பெயரிட்டனர். ‘நன்மை பயக்கும் கூட்டு நிறுவனம்’ என்பது அதன் பொருள். இன்று அந்நிறுவனம் இல்லை. ஆயினும் கரைக்குக் கரை படகேறிச் செல்லும் வழக்கம் அந்நகர மக்களிடம் மாறவில்லை.

இருள் கவிந்த சற்று நேரத்தில் வாணங்கள் எழத் தொடங்கின. நீரின் நடுவே நிறுத்தப்பட்டிருந்த மிதவைகளிலிருந்து சீறிப் பாய்ந்த ஒவ்வொன்றும் உயரே சென்று மலர்ந்து, சிவப்பும் பச்சையும் பொன்னிறமுமாய்ச் சொரிந்தது. கண்ணுக்கு ஒளி முன்னே வந்தது. காதுக்கு ஓசை பின்னே வந்தது. ஒரு கிலோ மீட்டர் தொலைவை ஒலி கடக்க ஏறத்தாழ மூன்று விநாடிகள் ஆகும் அன்றோ! நீரிலும் அதே பூக்கள் தலைகீழாய் மலர்ந்து மறைந்தன. படகில் இருந்தோர் ஆரவாரம் செய்தனர். அனைத்தும் ஓய்ந்து புகை மட்டும் மிஞ்சிய வேளையில், நம் மருமகன் மெல்லக் கேட்டான்: “கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது மாமா. ஆனால் இத்தனை பணமும் ஒரு நொடியில் புகையாய்ப் போயிற்றே, இது வீண் விரயம் ஆகாதா?”

நாம் உடனே விடை கூறவில்லை. ஆம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால், நாம் அமர்ந்திருந்த நீர்ப்பரப்பின் வரலாறு அத்துணை எளிதாக இருக்கவில்லை.

முதலில் அம்மருந்தின் வரலாற்றைக் காண்போம். வெடிமருந்தின் உயிர் வெடியுப்பு. அது பிறந்த நாடு சீனா. அரபு நூல்களில் அதற்கு வழங்கிய பழைய பெயர்களுள் ஒன்று ‘தல்ஜுஸ் ஸீன்’. அதாவது சீனத்துப் பனி. ஸ்பெயினில் பிறந்து, ஹிஜ்ரி 646-இல் (கி.பி. 1248) டமாஸ்கஸில் மறைந்த மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தார் இப்பெயரைக் குறிப்பிட்டு, மேலைநாட்டு மக்கள் இதனையே ‘பாரூத்’ என்பர் எனவும் எழுதிவைத்தார். வெண்ணிறம் கருதிப் பனி என்றனர் போலும். நெருப்பின் தாய்க்குப் பனி என்று பெயர் வாய்த்தது சொல்லின் வியப்புகளுள் ஒன்று. உப்பைக் குறித்த பாரூத் என்னும் சொல் பின்னர் வெடிமருந்தையே குறிக்கலாயிற்று.

அடுத்து வந்தவர் ஷாம் நாட்டைச் சேர்ந்த நஜ்முத்தீன் ஹஸன் அர்-ரம்மாஹ். ஹிஜ்ரி 694-இல் (கி.பி. 1295) மறைந்த இவர், குதிரையேற்றத்தையும் போர்க் கருவிகளையும் பற்றி எழுதிய நூலில், வெடியுப்பைத் தூய்மை செய்யும் முறையை விளக்கியுள்ளார். உப்பை நீரில் கரைத்து, மரச்சாம்பலைச் சேர்த்து, வேண்டாத பிற உப்புகளைப் பிரித்தெடுத்து, மீண்டும் படியச் செய்தல் வேண்டும் என்பது அம்முறை. ஈரத்தை ஈர்க்கும் கலப்பு உப்புகள் நீங்கினால்தான் மருந்து தடையின்றி எரியும். அக்காலம் மங்கோலியரும் சிலுவைப் படையினரும் ஷாம் நாட்டை நெருக்கிய காலம். ஆதலின் அந்நூல் பெரிதும் போருக்காக எழுந்ததே. ஆயினும் கேளிக்கைக்குரிய கலவைகளும் அதில் இடம்பெற்றுள்ளன. ஒரே அடுப்பில் போர்க்களத்திற்கும் விழாவிற்கும் மருந்து கலக்கப்பட்டது.

நம் தமிழும் இதற்குச் சான்று பகர்கிறது. ‘வாணம்’ என்னும் சொல், அம்பு எனப் பொருள்படும் ‘பாண’ என்ற வடசொல்லின் வழி வந்தது. அரபியரும் இதனை ‘ஸஹ்ம்’, அதாவது அம்பு என்றே வழங்கினர். சீன அம்பு என்றும் கூறினர். காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் 1780-இல் ஹைதர் அலியின் படைகள் ஆங்கிலேயரை முறியடித்தபோது வாணங்கள் போர்க்கருவிகளாய்ப் பாய்ந்தன. விழா நாளில் சிறுவர் கைதட்டிப் பார்க்கும் பொருளின் பெயருக்குள் அம்பின் கூர்மை இன்றும் மறைந்து கிடக்கிறது.

நம் படகு திரும்பிவரும் வழியில் சராய்புர்னு என்னும் அரண்மனை முனையைக் கடந்தது. சுல்தான் நான்காம் முராத் காலத்தில், அவருடைய மகள் பிறந்த விழாவில், லகாரி ஹஸன் செலபி என்பவர் வெடிமருந்து அடைத்த வாணத்தில் ஏறி இம்முனையிலிருந்து விண்ணில் பாய்ந்து, பின்னர்க் கடலில் இறங்கி நீந்திக் கரை சேர்ந்தார் என்று பயண நூலாசிரியர் எவ்லியா செலபி எழுதியுள்ளார். அது 1633-ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது என்பர். இதனைச் சொல்பவர் எவ்லியா ஒருவரே. அவரோ சுவைக்காகக் கூட்டிச் சொல்லுதலில் வல்லவர். ஆதலின் அதனை நாம் வரலாறாகக் கொள்ளவில்லை. வாணத்தின்மீது அந்நகரத்தார் கொண்டிருந்த காதலுக்கு அடையாளமாகக் கொள்கிறோம்.

ஐயத்திற்கிடமின்றி நமக்குக் கிடைத்திருப்பது 1720-ஆம் ஆண்டின் விழா. ஹிஜ்ரி 1132. சுல்தான் மூன்றாம் அஹ்மத், தம் புதல்வர்கள் நால்வரின் சுன்னத்தை முன்னிட்டுப் பதினைந்து நாள் விழா எடுத்தார். பகற்பொழுதில் ஓக்மைதான் திடலில் தொழில் வகுப்பார் அணிவகுத்தனர். நீரிலும் கேளிக்கைகள் நடந்தேறின. பாஸ்பரஸிலிருந்து ஐரோப்பியக் கரைக்குள் கொம்புபோல் வளைந்து நுழையும் நீர்க்கரத்தை மேலைநாட்டார் பொற்கொம்பு என்பர். துருக்கியர் ‘ஹலீஜ்’ என்னும் அரபுச் சொல்லாலேயே வழங்குவர். அதன் கரையிலிருந்த ஐனலிகவாக் அரண்மனையில் சுல்தான் அமர்ந்திருக்க, எதிரே தெப்பங்களிலிருந்து வாணங்கள் எழுந்தன.

தரையிருக்க நீரை நாடியது ஏன்? அழகு மட்டும் காரணமன்று. அக்கால இஸ்தான்புல் மரவீடுகளின் நகரம். ஒரு பொறி தெருவையே விழுங்கிய தீவிபத்துகளை அது அடிக்கடி கண்டது. வீழும் கங்குகளை அணைக்க நீரினும் நல்ல காவல் வேறில்லை. ஆகவே நெருப்பைத் தெப்பத்திலேற்றிக் கரையிலிருந்து அகற்றினர். மக்கள் கரையிலும் தோணிகளிலும் இருந்து கண்டனர். நீர்மேல் வாணம் விடும் வழக்கத்தில் அழகோடு அச்சமும் கலந்திருந்தது.

அன்று சுல்தான் கண்ட ஒளியும் நாம் கண்ட ஒளியும் ஒன்றல்ல. அக்கால வாணத்தில் கரித்தூளும் இரும்புத்தூளும் தந்த பொன்னிறமும் வெண்மையுமே மிகுதி. பிரெஞ்சு வேதியியலறிஞர் பெர்த்தொலே 1786-இல் பொட்டாசியம் குளோரேட்டைக் கண்டறிந்த பின்னரே, 19-ஆம் நூற்றாண்டில் செழுமையான நிறங்கள் வாணத்தில் கைகூடின. சிவப்பை ஸ்ட்ரான்ஷியமும், பச்சையைப் பேரியமும், நீலத்தைச் செம்பும் தருகின்றன. மூன்று கண்டங்களில் ஆணை செலுத்திய ஒரு சுல்தான் காணாத வண்ணங்களை, சீட்டு வாங்கிய எளிய பயணி இன்று காண்கிறான்.

அவ்விழாவைச் செய்யித் ஹுஸைன் வஹ்பி என்னும் புலவர் ‘ஸூர்நாமா’ என்ற நூலாக எழுதினார். லெவ்னி என்னும் ஓவியர் 137 சிற்றோவியங்களால் அதனை அணிசெய்தார். லெவ்னி என்பது ‘லவ்ன்’, அதாவது நிறம் என்ற அரபுச் சொல்லடியாகப் பிறந்த புனைபெயர். அவருக்கு மிகப் பொருந்துவது. தெப்பங்களும் தோணிகளும் கழைக்கூத்தாடிகளும் வாணங்களும் அவர் தூரிகையில் இன்றும் அணையாமல் நிற்கின்றன. அந்நூல் தோப்காப்பி அரண்மனை நூலகத்தில் உள்ளது.

அவ்விழாவில் இளவரசர்களோடு ஏழைச் சிறுவர் ஏறத்தாழ ஐயாயிரவருக்கும் சுன்னத் செய்விக்கப்பட்டது என்பதையும் மறைத்தல் நீதியன்று. அது வெறும் ஆடம்பரமன்று. ஈகையும் கலந்த ஆடம்பரம். ஆனால் அரசனின் ஈகை விழா முடிந்ததும் முடிந்துவிட்டது, ஆடம்பரம் முடியவில்லை. முதன்மை வஸீர் தாமாத் இப்ராஹீம் பாஷாவின் மேற்பார்வையில் பொற்கொம்பின் தலைப்பகுதியில் 1722-இல் ஸஅதாபாத் மாளிகை எழுந்தது; அதனைச் சூழப் பெருஞ்செல்வரின் மாளிகைகள் எழுந்தன. 1718 முதல் 1730 வரையிலான அக்காலத்தைத் துலிப் மலர்க் காலம் எனப் பின்னாளைய எழுத்தாளர் அழைத்தனர்.

கரையிலிருந்து வேடிக்கை பார்த்தவர்களின் வாழ்வோ வேறாக இருந்தது. போருக்கென வரிகள் ஏறின. கிழக்கே பாரசீகத்தாரிடம் நகரங்கள் கைநழுவின. 1730 செப்டம்பர் 28 அன்று, பழந்துணி விற்று வந்த பட்ரோனா ஹலீல் என்னும் முன்னாள் படைவீரரின் தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. வஸீர் கொல்லப்பட்டார், சுல்தான் அஹ்மத் தம் சகோதரரின் மகன் மஹ்மூதிடம் அரியணையை ஒப்படைத்து ஒதுங்கினார். கிளர்ச்சியாளர் ஸஅதாபாத் மாளிகைகளைக் கொளுத்த விரும்பினர். புதிய சுல்தானோ, கொளுத்தினால் அயலார் நம்மை எள்ளுவர் எனத் தடுத்து, இடித்துக்கொள்ள மட்டும் இசைந்தார் என்பர். வாணங்கள் எரிந்த பொற்கொம்பின் தலைமாட்டில், பத்தே ஆண்டுகளில் மாளிகைகள் இடிந்து கிடந்தன. ஹலீலும் அவ்வாண்டு முடிவதற்குள் கொல்லப்பட்டார்.

இத்துடன் நிறுத்தினால் கதை ஒரு நீதிக்கதையாய் முடிந்துவிடும். வரலாறு அத்துடன் நிற்கவில்லை. இதே சுல்தான், இதே வஸீர் ஆகியோரின் ஆதரவில்தான் இப்ராஹீம் முத்தஃபர்ரிகா 1727-இல் அரசாணையும், ஷைகுல் இஸ்லாமின் ஃபத்வாவும் பெற்று அச்சுக்கூடம் நிறுவினார். அதில் 1729-இல் வெளிவந்த முதல் நூல் எது தெரியுமா? இமாம் ஜவ்ஹரியின் ‘ஸிஹாஹ்’ என்னும் அரபு அகராதிக்கு, 16-ஆம் நூற்றாண்டில் வான்குலி மெஹ்மத் எஃபெந்தி செய்த துருக்கி மொழிபெயர்ப்பு, இரண்டு தொகுதிகள். மதரஸாவில் ஓதிய நாளில் ஒரு சொல்லின் வேரைத் தேடி ‘ஸிஹாஹ்’ அகராதியைப் புரட்டிய நம் போன்றோருக்கு இச்செய்தி எத்துணை இனிக்கும்!

வஸீரைக் கொன்று மாளிகைகளை இடித்த கிளர்ச்சி அச்சுக்கூடத்தை அழிக்கவில்லை. முத்தஃபர்ரிகா புதிய சுல்தானின் காலத்திலும் தம் பணியைத் தொடர்ந்தார். 1742-க்குள் பதினேழு நூல்கள் அவர் அச்சிலிருந்து வெளிவந்தன. ஒரே ஆட்சி ஏற்றிய இரு விளக்குகளுள், வானில் ஏற்றியது ஓர் இரவில் அணைந்தது. தாளில் ஏற்றியது ஏற்றியவர்களுக்குப் பின்னும் எரிந்தது. அவ்வளவு ஏன்? வானில் அணைந்த அந்த வாணத்தையும் நாம் இன்று காண முடிவது வஹ்பியின் எழுதுகோலாலும் லெவ்னியின் தூரிகையாலும் அல்லவா?

நம்மவர் சிலர் உதுமானியர் வரலாற்றைப் பேசப் புகுந்தால் மாளிகையையும் விழாவையும் மட்டுமே போற்றி மெய்ம்மறப்பர். வேறு சிலர் அனைத்தும் வீண் என ஒரே சொல்லில் தள்ளிவிடுவர். முன்னவர் கரையில் நின்ற பழந்துணி வணிகனைக் காண்பதில்லை; பின்னவர் அச்சுக்கூடத்தைக் காண்பதில்லை. இரண்டையும் சேர்த்துக் காண்பதே வரலாறு கற்பதன் பயன் என நாம் கருதுகிறோம்.

படகு துறையை அடைந்தது. இறங்கும்போது மருமகனின் தோளில் வாணத்தின் சாம்பல் துகள் ஒன்று ஒட்டியிருக்கக் கண்டு தட்டிவிட்டோம். “கேட்டதற்கு விடை சொல்லவில்லையே மாமா” என்றான் அவன். வாணம் விட்டது மட்டுமே குற்றமன்று, கரையில் இருப்பவனை மறந்து விட்டதே குற்றம் என்றோம். பின்னர், விட்டவனின் கணக்கைப் பார்க்கும்போது அவன் வேறு என்ன விட்டுச் சென்றான் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றோம். அவன் சற்று நேரம் சிந்தித்து, அந்த அகராதியை எங்கே பார்க்கலாம் என்று கேட்டான். அன்றைய சீட்டுக்குக் கொடுத்த பணம் வீண் போகவில்லை என்று அப்போது எண்ணிக்கொண்டோம்.