சரவணைப் பனியும் ரொறன்ரோப் பனியும்

மார்கழி பிறந்துவிட்டால் சரவணைக் கிழவிகளின் வாயில் ஒரே கட்டளைதான்: "பனிக்குள்ளை திரியாதை, தடிமன் பிடிக்கும்." தலையில் ஒரு துண்டைக் கட்டாமல் விடியற்காலையில் படலையைத் தாண்ட விடமாட்டார்கள். சரவணை இருக்கும் வேலணைத் தீவில் அந்த நேரம் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்கினாலே பெரிய விஷயம். ஓலை நுனியில் சொட்டும் நீர், வயல்வெளியில் படியும் பனிப்புகார், மூக்கு நுனியில் ஏறும் சில்லிப்பு எல்லாம் சேர்ந்ததுதான் அவர்கள் சொல்லும் பனி. அதே ஊரில் பிறந்து ரொறன்ரோவின் ஸ்காபரோவில் குடியிருப்பவர் "இண்டைக்கு நல்ல பனி" என்றால், வாசலில் முழங்காலளவு வெள்ளையாய்க் குவிந்து கிடப்பதைச் சொல்கிறார். ஒரே சொல் இத்தனை தூரம் எப்படிப் போனது?

பனி என்ற சொல்லுக்கு அடியில் இருப்பது துளி. கன்னடத்தில் இதன் உறவான 'ஹனி' இன்றைக்கும் துளியைத்தான் குறிக்கிறது. மலையாளத்தில் 'பனி' காய்ச்சலாகிவிட்டது. அங்கே பனிக்கு வழங்கும் 'மஞ்ஞு', நம் பழைய 'மஞ்சு' என்ற முகிலின் உறவு. சங்கப் பாடல்களில் பனி என்பது குளிர், பனித்துளி, கண்ணீர். 'பனித்தல்' என்றால் நடுங்குதல். துளியும் குளிரும் நடுக்கமும் கண்ணீரும் ஒரு சொல்லுக்குள் அடங்கியதில் வியப்பில்லை. நனைந்த உடம்பு நடுங்கும், நடுங்கும் கண்ணில் நீர் வரும். கலியாண வீட்டு வாசலில் தெளிக்கும் பன்னீர்கூடப் பனிநீர்தான். பனி ஒரு பொருளின் பெயர் என்பதைவிட உடம்பு அறிந்த ஒன்றின் பெயர் என்பதே சரி.

யாழ்ப்பாணத் தீவகத்துப் போயிலைக்காரருக்கு இது புத்தகம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. உலர்ந்த இலையை மத்தியான வெயிலில் தொட்டால் பொடிப்பொடியாய் நொறுங்கும். இரவுப் பனி குடித்த இலையோ விடியற்காலையில் தோல்போல் துவளும். அப்போது மடக்கலாம், அடுக்கலாம், கட்டலாம். வெயில் ஏறினால் அந்தப் பதம் போய்விடும். தடிமன் தரும் அதே பனி இங்கே வேலைக்காரன். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று பழமொழி சொல்கிறது. ஓலைக்கூரை வீட்டுக்காரருக்கு மச்சு ஏது? பழமொழியைச் செய்தவர் வசதியானவராயிருக்க வேண்டும்.

தொல்காப்பியம் ஆண்டை ஆறு பெரும்பொழுதாக்கியபோது பனிக்கு முன்பனி, பின்பனி என இரண்டு கொடுத்தது. மாதக் கணக்குப் போட்டவர்கள் உரைகாரர்கள்: ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. கூதிர் என்ற சொல் இன்று பாடப்புத்தகத்தில் மட்டும் உண்டு என்று நினைப்பவர்கள் தீவகத்துக்கு வந்து ஒரு மழைநாள் நின்று பார்க்கலாம். "கூதலடிக்குது", "கூதலிலை கொடுகுறான்" என்று சின்னப்பிள்ளையும் சொல்லும். கூதிரின் தம்பி கூதல் இங்கே உயிரோடு இருக்கிறான்.

அந்தக் கூதிரின் குணத்தை நக்கீரரின் நெடுநல்வாடை காட்டியிருக்கிறது: மழையில் நனைந்த இடையர் நெருப்பில் கைகாய்ச்சிக் கன்னத்தில் ஒற்றுவதும், மாடுகள் மேய்ச்சலை மறந்து நிற்பதும், கன்றைப் பசு உதைத்துத் தள்ளுவதும். வெப்ப நாட்டுப் புலவர் குளிரைக் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டார் என்றே நெடுநாள் நினைக்கத் தோன்றும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் நின்ற நாட்களில் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் மழையும் வாடையும் ஒன்றாய் வீச, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆடுமாடுகள் குளிரில் விறைத்துச் செத்தன. நீர் உறையும் குளிரல்ல அது. வெட்டவெளியில் நனைந்த தோலும் விடாத காற்றும் போதுமாயிருந்தன. நக்கீரர் மிகைப்படுத்தவில்லை.

இனி வெள்ளைப் பனிக்கு வருவோம். இமயத்தின் உச்சியில் பனி கிடக்கிறது என்பது புறநானூற்றுப் புலவர்களுக்குத் தெரியும். கண்டவர் எத்தனை பேரோ, சொல் மட்டும் அங்கேயும் பனிதான். சிக்கல் வந்தது வேதாகமத்தைத் தமிழாக்கியபோது. பாலஸ்தீனத்து மலைகளில் விழும் வெண்பொருளைப் பனி என்று எழுதினால் தமிழ் வாசகர் புல்நுனித் துளியை நினைப்பார். துளிக்கு வெண்மை ஏது? 1871இல் முடிந்த போவர் மொழிபெயர்ப்பு அதற்கு 'உறைந்த மழை' என்று பெயரிட்டது. சங்கீதப் புத்தகத்தில் ஒரே இடத்தில் உறைந்த மழையும் உறைந்த பனியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டும் வேறு பொருள்கள் என்று மொழிபெயர்த்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. 1995இல் வந்த திருவிவிலியம் அதை உறைபனி ஆக்கிவிட்டது. எனக்கு உறைந்த மழைதான் பிடிக்கும். கேட்டவுடனே பொருள் கண்ணில் தெரிகிறது.

யாழ்ப்பாணத்தில் அந்த வெள்ளைப் பனியை அந்நாளில் நேரில் அறிந்திருந்தவர்களில் அமெரிக்க மிஷனரிகளும் உண்டு. 1820களில் உடுவிலில் இருந்த மிரன் வின்ஸ்லோ, வேர்மன்ட் மாநிலத்து வில்லிஸ்ரனில் பிறந்தவர். சம்ப்ளெயின் ஏரிக்குப் பக்கத்து ஊர். கார்த்திகை முடியுமுன்பே வெளுத்துவிடும் பூமி. 1862இல் சென்னையில் வெளிவந்த பெரிய தமிழ் அகராதி அவர் பெயரில் நிற்கிறது. அதற்கான சொற்சேகரம் தொடங்கியது யாழ்ப்பாணத்தில்.

1983 இனக்கலவரத்துக்குப் பிறகு நிலைமை தலைகீழ். தீவகத்தார் கனடாவின் ஏரி நாட்டுக்குப் போனார்கள். 1994இல் எஸ்.பொ.வும் இந்திரா பார்த்தசாரதியும் தொகுத்த புலம்பெயர்ந்தோர் கதைகளுக்குப் 'பனியும் பனையும்' என்று பெயர் வைத்தபோது, பனி என்றால் எந்தப் பனி என்று யாரும் விளக்கம் கேட்கவில்லை. சொல் அதற்குள் மாறிவிட்டிருந்தது.

அந்த ஏரிப் பனி பிறக்கும் விதம் நமக்குப் புதிதல்ல. நவம்பரில் வடதுருவத்துக் காய்ந்த காற்று இறங்கிவரும்போது ஹியூரன், ஈரி ஏரிகளின் நீரில் கோடைச் சூடு இன்னும் மிச்சமிருக்கும். காற்று அந்த ஈரத்தை அள்ளி, எதிர்க்கரையில் பனியாய்க் கொட்டும். வாடை வங்கக் கடலில் ஈரம் ஏற்றிக்கொண்டு வந்து நம்மூரில் மழையாய்க் கொட்டுவதும் இதே வேலைதான். வெப்பம் மட்டும் வேறு. 2022 நவம்பரில் ஈரி ஏரியின் கிழக்கு முனையில் பஃபலோவை அடுத்த சில இடங்களில் நாலு நாளுக்குள் ஏறத்தாழ 2 மீற்றர் பனி விழுந்தது. ரொறன்ரோ நகரம் இந்த அடியிலிருந்து பெரும்பாலும் தப்பிவிடும். ஆழம் 64 மீற்றரைத் தாண்டாத ஈரி, குளிர் முற்றினால் மேலே உறைந்து போகும். உறைந்ததும் ஈரமும் நின்று பனியும் குறையும். 244 மீற்றர் ஆழமுள்ள ஒன்ராறியோ ஏரி அத்தனை இலேசில் உறையாது. ஆகவே ஈரிக் கரையில் ஏரிப் பனிக்கு உச்சம் முன்பனிக்காலமே தவிரப் பின்பனியல்ல.

சூரியனைக் கண்ட பனிபோல என்ற உவமையும் அங்கே செல்லாது. முகிலில்லாத, கண்கூசும் வெயில் நாளில்தான் ரொறன்ரோவில் குளிர் அதிகம். வெள்ளை நிலம் உருகாமல் மினுங்கிக்கொண்டிருக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டுப் பேச்சில் ரொறன்ரோச் சரவணையார் அதை எப்போதும் பனி என்பதில்லை. "ஸ்நோ கொட்டுது", "ஸ்நோ வழிச்சுப்போட்டு வாறன்" என்பார்கள். நிலத்தில் இறுகிக் கிடந்து வழுக்குவது "ஐஸ்". கதையிலும் கவிதையிலும் வானொலியிலும்தான் அது பனி. இதில் குறைசொல்ல எனக்கு மனமில்லை. துளிக்கும் குளிருக்கும் பழகிய சொல்லை மண்வெட்டி கொண்டு வழிக்கும் பொருளுக்குக் கொடுக்க நாக்கு தயங்கியிருக்கிறது. குறைசொல்ல வேண்டியது செய்தித்தாள்களைத்தான். ஜனவரியில் நுவரெலியாப் புல்தரை வெளுத்தால் 'துகள் உறைபனி பொழிவு' என்று எழுதுகிறார்கள். துகள் உறைபனி நல்ல சொல், பொழிவுதான் தப்பு. உறைபனி வானத்திலிருந்து விழுவதில்லை, குளிர்ந்த இலையின் மேலேயே உண்டாகிறது. புல்நுனித் துளியும் அப்படித்தான். பனி பெய்கிறது என்று தலைமுறை தலைமுறையாய்ச் சொல்லிவந்திருக்கிறோம். உண்மையில் பெய்யும் பனியோ ரொறன்ரோப் பனி ஒன்றுதான்.

ஆகவே கனடாவில் தமிழ்ப் பாடநூல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வானிலிருந்து விழும் வெள்ளைக்கு வெண்பனி என்றோ உறைந்த மழை என்றோ எழுதுங்கள். இலைமேல் வெளுப்பதற்கு உறைபனி இருக்கிறது. முன்பனி, பின்பனி என்ற பாடத்துக்குப் பக்கத்தில் வெண்பனி மனிதனின் படத்தைப் போடாதீர்கள். கூதல், கொடுகல், விறைப்பு, பனிப்புகார் என்ற சொற்களை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் பொருளோடு அந்தப் பாடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.