அஞ்சு வோல்ட்டுக்கு ஒரு கொசுவத்தி

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. அதான் இந்தக் கொசுவத்தி.

காலேஜ் கடைசி வருஷ ப்ராஜெக்ட். மோட்டார் சுத்த ஆரம்பிச்சதும் எங்க ஆர்டுயினோ போர்டு ரீசெட் ஆகிடும். மல்டிமீட்டர் என்னமோ சாதுவா 5 வோல்ட்னுதான் காட்டுது. வயரிங் நான், கோடு நண்பன். மூணு ராத்திரி அவனைத் திட்டித் தீர்த்தேன்.

இது பழைய வியாதின்னு பின்னாடிதான் படிச்சேன். 1960கள்ல கம்ப்யூட்டர்ல ஒரே ஒரு பெரிய பவர் சப்ளை இருக்கும். அங்கேருந்து கம்பி வழியா ஒவ்வொரு கார்டுக்கும் போய்ச் சேர்றதுக்குள்ள வோல்டேஜ் இறங்கிடும். ஒரு கார்டு கரண்டை இழுத்தா பக்கத்து கார்டு தள்ளாடும். டி.டி.எல். சிப்புகளோ 5 வோல்ட்ல கால் வோல்ட்டுக்கு மேல ஏறினாலும் இறங்கினாலும் தாங்காது.

நேஷனல் செமிகண்டக்டர்ல இருந்த பாப் விட்லர் 1970ஐ ஒட்டி இதுக்கு ஒரு வைத்தியம் கொண்டுவந்தார். எல்.எம்.109. மூணே இணைப்பு, வெளியே 5 வோல்ட். கார்டுக்கு ஒண்ணு வெச்சுக்கலாம். அளவா ஜாஸ்தி சூடானா தானே அணைஞ்சுக்கும்.

எது 5 வோல்ட்னு அதுக்கு எப்படித் தெரியும்? உள்ளே ஒரு அளவுகோல் வேணும். வழக்கமான ஜீனர் டயோடுக்கு ஆறு வோல்ட்டுக்கு மேல தேவை. அதனால 1964ல டேவிட் ஹில்பிபர் காட்டின யோசனையை விட்லர் எளிமையாக்கினார். சூடு ஏறினா டிரான்சிஸ்டர்ல ஒரு வோல்டேஜ் இறங்கும். ரெண்டு டிரான்சிஸ்டருக்கு நடுவுல இருக்கிற வித்தியாசம் ஏறும். ரெண்டையும் சரியான அளவுல கூட்டினா சுமார் 1.2 வோல்ட்ல அசையாம நிக்கும். 'பேண்ட்கேப்' என்பது இதுதான்.

இப்ப எங்க போர்டு. அதுல இருந்த ஏடிமெகா 328 சிப்புக்குள்ளேயும் ஒரு பேண்ட்கேப் உண்டு, 1.1 வோல்ட். அதை வெச்சு சப்ளையை அளந்துகிட்டே இருக்கும், 2.7 வோல்ட் வாக்குல இறங்கினா, தப்பா கணக்குப் போடறதைவிட மேல்னு ரீசெட் ஆகிடும். ஒரே 9 வோல்ட் பேட்டரியில மோட்டாரையும் போர்டையும் மாட்டினவன் நான். மோட்டார் கிளம்புற அந்தக் கணத்துச் சரிவு மல்டிமீட்டர் கண்ணுக்குத் தெரியலை, சிப்புக்குத் தெரிஞ்சிருக்கு.

மோட்டாருக்குத் தனி பேட்டரி, கிரவுண்டு மட்டும் சேர்த்து, போர்டு பக்கத்துல ஒரு 100 மைக்ரோஃபாரட் கபாசிட்டர். சரியாப் போச்சு. அவங்கவங்களுக்குத் தனி சப்ளைங்கிற அதே பழைய வைத்தியம்தான்.

நண்பா, உன் கோடுல ஒரு தப்பும் இல்லைடா. லேட்டுதான், மன்னிச்சுக்கோ.