வழிப்போக்கரின் பேரர்கள்: வன்னியில் மலையகக் குடும்பங்களும் காணிப் பத்திரமும்

மலையகத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த காலத்தில் வன்னி ஒரு வழிப்பாதையாகவே இருந்தது. தமிழகக் கரையில் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் தாகத்தாலும் வீழ்ந்தவர்கள் வழியிலேயே மண்ணாயினர். மலையகத் தமிழரின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நடந்தபோது இந்தக் கதை மீண்டும் பேசப்பட்டது. அதன் மறுபாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அந்தத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் மலையிலிருந்து இறங்கி வன்னிக் காட்டுக்கு வந்தார்கள். இம்முறை கடந்து போவதற்கல்ல, குடியிருப்பதற்கு.

ஏன் வந்தார்கள் என்பதற்கான விடை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் விண்ணப்பிக்க ஒரு வாசலைத் திறந்தது. ஆனால் அந்த வாசல் மிகக் குறுகியது. அச்சட்டத்தின் பெயரை எம்மவர் ஊன்றிப் பார்க்க வேண்டும். இந்தியச் சோனகர் என்று குறிக்கப்பட்ட, கொழும்பிலும் சிறு நகரங்களிலும் கடை நடத்திய முஸ்லிம்களும் அதே வாசலில்தான் மனுவோடு நின்றார்கள். 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்குப் போட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பிரிக்கப்பட்டவர்களிடம் எவரும் கேட்கவில்லை.

எழுபதுகளின் முற்பகுதியில் தோட்டங்கள் அரசுடைமையாகின. உணவுத் தட்டுப்பாடு லயன்களைப் பட்டினியில் தள்ளியது. 1977 ஓகஸ்ட் வன்செயல்கள் எஞ்சியிருந்த நம்பிக்கையையும் எரித்தன. குடும்பம் குடும்பமாக வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்தார்கள். கட்டடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட்டும் மருத்துவர் சோ. இராஜசுந்தரமும் முன்னின்று நடத்திய காந்தீயம் இயக்கம் அவர்களைக் குடியமர்த்தியது. பாலர் பாடசாலைகளையும் மருத்துவ உதவியையும் ஏற்பாடு செய்தது. 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். அவ்வாண்டு ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டவர்களுள் இராஜசுந்தரமும் ஒருவர்.

வந்தவர்கள் காடு வெட்டினார்கள், கிணறு தோண்டினார்கள். ஆனால் வெட்டிய காணி அவர்களின் பெயருக்கு வரவில்லை. அரச காணியைப் பகிர்ந்தளிக்கும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் ஆரம்பத்திலேயே இந்தியத் தொழிலாளரைக் கணக்கில் எடுக்கவில்லை. பிரஜாவுரிமை இல்லாதவருக்கு அனுமதிப்பத்திரம் கிடைப்பது எப்படி? கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம், சாந்தபுரம் போன்ற ஊர்களில் அவர்கள் செறிந்து வாழ்ந்தபோதும், இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்கள் பெரும்பாலும் முன்பே குடியேறியவர்களின் கைகளில் இருந்தன. மேட்டு நிலமும் கூலி வேலையுமே இவர்களுக்கு எஞ்சின. ‘தோட்டக்காட்டான்’ என்ற இழிசொல்லையும் கேட்க வேண்டியிருந்தது. அச்சொல் தமிழிலேயே சொல்லப்பட்டது என்பதை மறைப்பதில் பயனில்லை.

பத்திரமில்லாத குடியிருப்பு எவ்வளவு எளிதாகக் கலையும் என்பதை 1984 காட்டியது. டொலர், கென்ற் பண்ணைகளில் இருந்த மலையகக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு அங்கே சிறைக்கைதிகள் குடியேற்றப்பட்டனர். நவம்பர் இறுதியில் விடுதலைப் புலிகள் அப்பண்ணைகளைத் தாக்கி, குடியேற்றப்பட்டவர்களைக் கொன்றார்கள். ஒரு கூட்டத்தின் வீடு இன்னொரு கூட்டத்தின் புதைகுழியானது.

பத்திரம் இருந்தாலும் போதாது என்பதை எமக்கு 1990 கற்பித்தது. அந்த ஒக்டோபரில் முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், யாழ்ப்பாணம் எங்கும் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் அது நிகழ்ந்ததும் ஒக்டோபர் 30இல்தான். உறுதிகளையும் உத்தரவுப் பத்திரங்களையும் பரம்பரையாக வைத்திருந்தவர்கள் புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களில் ‘அகதி’ என்ற பெயரோடு கால் நூற்றாண்டை நெருங்கினார்கள். தண்ணீருக்கும் பாடசாலை அனுமதிக்கும் உள்ளூராரோடு போட்டியிட்டார்கள். வாக்கையும் நிவாரணத்தையும் எந்த மாவட்டத்தில் கேட்பதென்று தடுமாறினார்கள். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் வருத்தம் தெரிவிக்கப்பட்டது. ஆனால் அந்த வருத்தத்தால் எவருக்கும் கூரை கிடைக்கவில்லை.

2009இன் பின்னர் வன்னிக்கு உதவி வந்தபோது பழைய கேள்வி புதிய வடிவில் எழுந்தது. 2008 ஏப்ரலுக்குப் பின் இடம்பெயர்ந்தோர் ‘புதியவர்’, அதற்கு முன் இடம்பெயர்ந்தோர் ‘பழையவர்’ என்று பிரிக்கப்பட்டனர். உதவியில் புதியவர்களுக்கே முதலிடம். 1990இல் விரட்டப்பட்டவர்கள் வரிசையின் கடைசியில் நின்றார்கள். இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் புதிய வீடொன்றுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டது. பயனாளி தன் காணியில் தானே கட்டிக்கொள்ள வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் காணியே இல்லாதவர் எங்கே கட்டுவது? 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் பிரஜாவுரிமை பெற்ற மலையகக் குடும்பமும், பிறர் காணியிலோ வனத்திணைக்களம் உரிமை கோரும் நிலத்திலோ இருந்தால், பட்டியலுக்கு வெளியேதான்.

சிக்கல் இன்னொன்றும் உண்டு. ஓர் அகதி விட்டுச்சென்ற காணியில் இன்னோர் அகதி குடியிருக்கிறார். 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தில் ஆயுத நடவடிக்கைகளால் உரிமை கோர முடியாதிருந்தவர்களின் காணி, ஆட்சியுரிமையால் பறிபோகாதபடி 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் வழிசெய்தது. இதனால் எமது உரிமையாளருக்கு நியாயம் கிடைக்கலாம். ஆனால் அங்கிருந்து எழுந்து போகும் ஏழைக்கு மாற்றுக் காணி தர அச்சட்டத்தில் இடமில்லை. எமது வெற்றி அவரின் தெருவாக முடியக்கூடாது.

ஆகவே மீள்குடியேற்றம் பற்றிப் பேசும் முஸ்லிம் குரல் இந்தக் குடும்பங்களையும் சேர்த்துப் பேச வேண்டும். நீண்டகாலம் குடியிருக்கும் அரச காணிக்கு அனுமதிப்பத்திரம், கணவன் மனைவி இருவர் பெயரிலும். வீட்டுப் பட்டியலுக்கு முன் காணியற்றோர் பட்டியல். வாழும் ஊரில் பதிந்துகொள்வதால் பிறந்த ஊரின் உரிமை இழக்கப்படாதென்ற உறுதி. சமுர்த்தியானாலும் 2023இல் வந்த அஸ்வெசுமவானாலும், எப்போது வந்தாய் என்று கேளாமல் என்ன இல்லை என்று கேட்கும் படிவம்.

‘எப்போது வந்தாய்’ என்ற கேள்வியை 1949இல் எம்மவர் சிலரிடம் கேட்டார்கள், புத்தளத்தில் எம்மவர் பலரிடம் கேட்டார்கள். வன்னியில் அதே கேள்வியைப் பிறரிடம் நாம் கேட்காதிருப்போம்.