சுந்தரபாண்டியன் என்னும் பெயரின் வரலாறும் பரவலும்

தென்காசிக்கு அண்மையில், குற்றாலச் சாரலின் ஈரக்காற்று எட்டும் நிலப்பரப்பில், சுந்தரபாண்டியபுரம் என்றோர் ஊர் உளது. ஆடி மாதத்தில் சூரியகாந்தி வயல்களைக் காண்பதற்கென்றே மக்கள் அங்குச் செல்கின்றனர். 1992-இல் வெளிவந்த 'ரோஜா' திரைப்படத்தின் வாயிலாக இவ்வூரின் பெயர் தமிழகம் முழுவதும் பரவியது. ஆயினும் வயலையும் திரைப்படத்தையும் அறிந்தோருள் அவ்வூர்ப் பெயரை நின்று நோக்கினோர் மிகச் சிலரே. ஓர் அரசன் பெயர் எவ்வாறு ஊர்ப்பெயராகி, மக்கட்பெயராகி, இன்று குடும்பப்பெயராக மாறும் நிலையில் நிற்கின்றது என்பதையும், அப்பெயரைச் சரிவர ஆராயாமையால் தமிழிலக்கிய வரலாற்றில் நேர்ந்த பெரும் பிழையொன்றையும் எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேனாட்டார் தம் குடும்பப்பெயர்களின் வரலாற்றைத் தனித்துறையாக வளர்த்துள்ளனர். ஆங்கில நாட்டில் கப்பி என்னும் அறிஞர் 1890-இல் வெளியிட்ட நூலில் ஓர் எளிய முறையைக் கையாண்டார். ஊர்தோறும் உள்ள உழவர்களின் பெயர்களை அவர் எண்ணித் தொகுத்தார். வணிகரும் பணியாளரும் இடம்பெயர்வர். உழவரோ நிலத்தை விட்டு எளிதில் நீங்கார். ஆதலின் ஓர் அரிய குடும்பப்பெயர் எப்பகுதி உழவரிடையே செறிந்து காணப்படுகின்றதோ, அப்பகுதியே அதன் பிறப்பிடம் என்பது அவர் கொள்கை. அந்நாட்டுக் குடும்பப்பெயர்களுட் பல ஊர்ப்பெயர்களே. வாசிங்டன் என்பது வட இங்கிலாந்தில் உள்ள ஓர் ஊர். அது குடிப்பெயராகி, கடல் கடந்து ஒரு தலைவரின் பெயராகி, பின்னர் ஒரு நாட்டின் தலைநகர்ப் பெயராயிற்று.

தமிழர்க்கு அத்தகைய குடும்பப்பெயர் இல்லை என்பர். முழுதும் இல்லையென்று சொல்லிவிட இயலாது. ஆங்கிலேயர் பெயரின் இறுதியில் நிற்கும் ஊர், நம்மிடையே பெயரின் தலைப்பில் ஓரெழுத்தாக நிற்கின்றது. சுந்தரபாண்டியபுரத்தைத் தம் ஊராகக் கொண்டு 'சு' என்னும் தலைப்பெழுத்தை இடுவோர், தாம் அறியாமலேயே ஒரு பாண்டிய மன்னனின் பெயரைத் தம் பெயருக்கு முன் தாங்குகின்றனர். எனவே கப்பி கையாண்ட முறையை நாம் மன்னர் பெயர்களுக்கும் பொருத்திப் பார்த்தல் தகும்.

முதற்கண் இப்பெயர் பாண்டியர் குடியில் எக்காலத்துத் தோன்றியது என்பதை ஆராய்வோம். சங்க காலப் பாண்டியர் நெடுஞ்செழியன், பெருவழுதி, மாறன் முதலிய தூய தமிழ்ப் பெயர்களையே பூண்டனர். அடுத்து வந்த இடைக்காலப் பாண்டியரின் வழிமுறையை வேள்விக்குடி, சின்னமனூர், தளவாய்புரம் ஆகிய செப்பேடுகள் விரிவாகக் கூறுகின்றன. கடுங்கோன், சேந்தன், அரிகேசரி, கோச்சடையன், இராசசிம்மன், வரகுணன், சீமாறன் சீவல்லபன், பராந்தக வீரநாராயணன் என்று அவை மன்னர்களை நிரல்படுத்துகின்றன. அந்நிரலில் சுந்தரன் என்னும் பெயர் இல்லை.

மாறாக, அப்பெயரை நாம் முதலில் காண்பது சோழர் குடியிலேயாகும். முதல் இராசராசனின் தந்தையே சுந்தர சோழன். 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' எனப் பட்டவன். இராசராசன் மகன் முதல் இராசேந்திரன் பாண்டிநாட்டைத் தன் ஆட்சிக்குட்படுத்தியபின், தன் மகன் ஒருவனை மதுரையில் அமர்த்திச் சோழபாண்டியன் என்னும் பட்டம் சூட்டினான் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகின்றது. அவனே சடையவர்மன் சுந்தர சோழபாண்டியன். சடையவர்மன் என்பது மாறவர்மன் என்பதோடு மாறி மாறி வரும் பாண்டியர் பட்டம். சுந்தரன் என்பது அவனுடைய பாட்டனின் தந்தை பெயர். வென்ற குடியின் பெயரும் தோற்ற குடியின் பட்டமும் ஒருவன்பால் இணைந்த விந்தை இது. அவனுடைய கல்வெட்டுக்கள் தென்காசிக்குத் தொலைவிலல்லாத மன்னார்கோயிலில் உள்ளன. சேர மன்னன் இராசசிம்மன் என்பான் எடுப்பித்து, இராசேந்திரசோழ விண்ணகரம் எனப் பெயரிட்ட கோயில் அது.

இதற்குச் சிறிது காலம் பின்னரே பாண்டியர் குடியிற் பிறந்த சுந்தரபாண்டியன் ஒருவனைக் கல்வெட்டிற் காண்கின்றோம். முதல் இராசாதிராசனை எதிர்த்த தென்னவர் மூவருள் அவன் ஒருவன். மானாபரணன் தலையிழந்தான், வீரகேரளன் யானைக் காலில் இடப்பட்டான், சுந்தரபாண்டியன் முல்லையூர்க்கு ஓடினான் என்று இராசாதிராசனின் மெய்க்கீர்த்தி பெருமிதத்தோடு பேசுகின்றது. ஆகவே பதினொன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இப்பெயர் இரு குடியிலும் ஒருங்கே வழங்கியமை தெளிவு. சோழரிடமிருந்தே பாண்டியர் இதனைக் கொண்டனர் என்று முடிவு கட்டுதல் கூடாது. மதுரையில் எழுந்தருளிய இறைவனை அழகன் என்றும் சொக்கன் என்றும் போற்றுவது நம் மரபு. அவ்விறைவனே தடாதகையை மணந்து சுந்தரபாண்டியனாக முடிசூடி ஆண்டான் என்பது திருவிளையாடற் கதை. கோயில் வழக்கும் அரண்மனை வழக்கும் ஒன்றையொன்று வளர்த்திருத்தல் வேண்டும் என்பதே எமது கருத்து. கதை முந்தியதா, மன்னர் பெயர் முந்தியதா என்னும் வினாவிற்கு, இதுகாறும் கிடைத்துள்ள செப்பேடுகளின் துணைகொண்டு நோக்கின், பதினோராம் நூற்றாண்டிற்கு முன்னர் அரசர் எவரும் இப்பெயர் பூண்டிலர் என்னும் அளவே கூறத்தகும். அவ்வளவே ஈண்டு நமக்குப் போதுமானது. ஏன் என்பதைப் பின்னர்க் காண்போம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டே இப்பெயரின் பொற்காலம். 1216-இல் அரியணை ஏறிய முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் எரியூட்டி, ஆயிரத்தளியில் வீராபிடேகம் செய்து, பின்னர்ச் சோணாட்டைச் சோழனுக்கே வழங்கினான். பட்டினப்பாலைக்குப் பரிசிலாகக் கரிகாலன் அளித்த பதினாறுகால் மண்டபம் ஒன்றை மட்டும் இடியாது விட்டான் எனத் திருவெள்ளறைக் கல்வெட்டுப் பாடல் கூறுவதைத் தமிழ் பயில்வோர் மறவார். 1251-இல் முடிசூடிய முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன் நெல்லூர் வரை சென்று வென்றவன்; தில்லையும் திருவரங்கமும் பொன் வேய்ந்தவன்; 'எம்மண்டலமும் கொண்டருளிய' என்னும் அடைமொழி பெற்றவன். இவ்விருவரேயன்றி இதே பெயருடையார் வேறு பலரும் அந்நூற்றாண்டிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆண்டனர். ஒரே காலத்துப் பாண்டிய மன்னர் பலர் பல பகுதிகளை ஆண்ட முறைமையால், கல்வெட்டில் சுந்தரபாண்டியன் எனக் கண்டமாத்திரையில் இன்னவன் எனத் துணிதல் அரிது. மாறவர்மனா, சடையவர்மனா என்பதையும், ஆட்சியாண்டோடு குறிக்கப்படும் நாள்மீன், கிழமை, பக்கம் ஆகியவற்றையும் கணித்தே ஆளைத் தெளிதல் வேண்டும். நிலமளக்கும் கோலும், கோயிலில் நிகழும் சந்தியும், செப்புக் காசும்கூட இப்பெயர் தாங்கின. பெயர் பெருகப் பெருக, அதனால் ஆளைச் சுட்டும் ஆற்றல் குறைந்தது.

இந்தப் பெருக்கமே பிழைக்கு வித்திட்டது. அந்நூற்றாண்டின் இறுதியில் மாபார் எனப்பட்ட பாண்டிநாட்டிற்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, உடன்பிறந்த அரசர் ஐவருள் ஒருவனைச் 'செந்தர் பந்தி' தேவர் என்று குறித்தார். பாரசீக ஆசிரியர் வசாபும் அப்பெயரை வரைந்துள்ளார். அறிஞர் கால்டுவெல் இக்குறிப்பைக் கண்டார். திருவிளையாடற் புராண மரபில், திருஞானசம்பந்தர் அருளால் கூன் நிமிர்ந்த பாண்டியன் சவுந்தரபாண்டியன் எனப்படுதலையும் அவர் அறிவார். இரண்டையும் இணைத்தார். கூன்பாண்டியனே மார்க்கோ போலோ கண்ட சுந்தரபாண்டியன். ஆகவே சம்பந்தர் காலம் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதி என்னும் முடிபு எய்தப்பட்டது. திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியிலேயே வாழ்ந்து, 1856-இல் ஒப்பிலக்கணமும் 1881-இல் திருநெல்வேலி வரலாறும் வெளியிட்ட பேரறிஞர் அவர். அவரைக் குறைகூறுதல் எமது நோக்கமன்று. அவர் காலத்தில் பாண்டியர் செப்பேடுகள் இன்று போல் வெளிப்பட்டில. ஆயினும் ஒரு பெயரொற்றுமை ஒரு நாயன்மாரை ஆறு நூற்றாண்டுகள் கீழே தள்ளிவிட்டது என்பதை மறைத்தற்கில்லை. தேவாரம் பிற்பட்டதாயின் அதனைச் சார்ந்து எழுந்த இலக்கியம் அனைத்தும் பிற்பட்டதாகும். தமிழின் பழமை முழுவதுமே ஐயத்திற்கு உள்ளாகும் நிலை அது.

அதனை மறுத்து எழுந்தவர் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை. (அப்பெயர்ச் சிக்கலை அவிழ்த்தவரும் சுந்தரர் பெயரினரே என்பது ஓர் இனிய தற்செயல்.) மனோன்மணீயம் இயற்றிய அப்பெருமகனார் 1890-களில் சம்பந்தர் காலம் குறித்து வெளியிட்ட ஆராய்ச்சியில், சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிற்குப் பிற்பட்டவராகார் என நிறுவினார். பின்னர்க் கல்வெட்டறிஞர் வெங்கையா, சம்பந்தரோடு உறவாடிய சிறுத்தொண்டர் வாதாபியை அழித்த படைத்தலைவர் என்பதைப் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் 642-இல் வாதாபி கொண்ட செய்தியோடு இணைத்து, அம்முடிபை மேலும் வலியுறுத்தினார்.

நாம் மேலே கண்ட பெயர் வரலாறும் இதற்கு ஒரு புதுத் துணையாகும். பன்னிரண்டாம் நூற்றாண்டினரான சேக்கிழார் சம்பந்தர் காலத்துப் பாண்டியனை நெடுமாறன் என்றே பாடினார். சுந்தரன் என்னும் பெயர் பாண்டியர்க்குப் பதினொன்றாம் நூற்றாண்டிற்கு முன் இல்லை. ஆகவே ஏழாம் நூற்றாண்டு மன்னனுக்குப் புராண மரபு சவுந்தரபாண்டியன் எனப் பெயரிட்டது, புகழ்பெற்ற பிற்காலப் பெயர் ஒன்று முற்காலத்தார் மேல் ஏற்றப்பட்டமையேயாம். மாணவர் கல்வெட்டில் ஒரு பெயரைக் கண்டவுடன் இலக்கியத்தில் அதனைத் தேடுகின்றனர். அப்பெயர் எந்நூற்றாண்டு முதல் வழக்கில் உள்ளது என்பதை முதற்கண் தேடுவாரல்லர்.

இனி இப்பெயர் தாங்கிய ஊர்களை நோக்குவோம். தென்காசிப் பகுதியில் சுந்தரபாண்டியபுரம். வத்திராயிருப்பை அடுத்து, விருதுநகர் மாவட்டத்தில் சுந்தரபாண்டியம். இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், தொண்டிக்கு வடக்கே சுந்தரபாண்டியன்பட்டினம். முதலிரண்டும் மேற்குமலை அடிவாரத்தை ஒட்டிய வேளாண் ஊர்கள், மூன்றாவது துறை. திருச்செந்தூர்க் கரையில் உள்ள வீரபாண்டியன்பட்டினம், குலசேகரன்பட்டினம் என்பவற்றோடு இதனையும் சேர்த்து நோக்கின், மன்னர் பெயர்களைத் துறைகளுக்கு இடும் வழக்குத் தென்கடற்கரை நெடுகிலும் இருந்தமை புலனாகும். சுந்தரபாண்டியன் எவ்வளவோ வடக்கே சென்று வென்றவனாயினும், நாம் கண்ட இம்மூன்று ஊர்களும் பாண்டிநாட்டிற்குள்ளேயே உள.

இது தற்செயலன்று எனக் கருதுதற்கு இடமுண்டு. சோழர் பாண்டிநாட்டை வென்றபோது அதற்கு இராசராசப் பாண்டிநாடு எனப் பெயரிட்டனர். சேரன்மாதேவியை நிகரிலிசோழச் சதுர்வேதிமங்கலம் ஆக்கினர். இவையெல்லாம் கல்லில் உள்ளன. மக்கள் நாவில் இல்லை. சேரன்மாதேவி இன்றும் சேரன்மாதேவியே. வென்றவன் இட்ட பெயர் அவன் படையோடு நீங்க, உள்நாட்டு மன்னன் பெயர் உழவர் வாயில் நிலைத்தது. கப்பி உழவரை எண்ணியதன் நுட்பம் இங்கும் பொருந்தக் காண்கின்றோம்.

தென்காசியைத் தலைநகராகக் கொண்ட பிற்காலப் பாண்டியரிடை இப்பெயரினும் வேறு பெயர்களே சிறந்து நின்றன. 1422-இல் பட்டமெய்தி, 1446-இல் காசிவிசுவநாதர் கோயிலைத் தொடங்கியவன் பராக்கிரமபாண்டியன். நைடதம் பாடியவன் அதிவீரராமன். அவன் சுற்றத்தவன் வரதுங்கராமன். எனினும் 1473 முதல் ஆண்ட ஒருவன் அழகன்பெருமாள் பராக்கிரமபாண்டியன் எனப்பட்டான். வடசொல் தமிழாகி மீண்டு வந்தது போலும்! சுந்தரபாண்டியபுரம் தென்காசியின் அருகே உள்ளமையான் அதனைத் தென்காசிப் பாண்டியர் காலத்ததாகக் கொள்வார் உளர். அண்மை ஒன்றே காலத்தை வரையறுக்காது. பெயர் பெருவழக்காக இருந்த பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்த்தி எண்ணுதலே பொருத்தம் எனத் தோன்றுகின்றது.

மன்னர் மறைந்தபின் இப்பெயர் குடிமக்கட்கு உரியதாயிற்று. தென்மாவட்டங்களில் சுந்தரபாண்டியன், சவுந்தரபாண்டியன் என்னும் இருவடிவும் பல சமூகத்தாரிடையே வழங்குகின்றன. இரண்டாம் வடிவு புராண வழக்கின் எதிரொலி. பட்டிவீரன்பட்டியைச் சேர்ந்தவரும், 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவருமான ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார் (1893-1953) இவ்வடிவினைப் பூண்டவர். சென்னைத் தியாகராயநகரில் உள்ள அங்காடிக்கு அவர் பெயர் உரியது. ஆனால் மக்கள் பாண்டி பசார் என்பதோடு நிறுத்திக்கொண்டனர். இராமநாதபுரத்துத் துறையோ எஸ். பி. பட்டினம் ஆயிற்று. ஓரிடத்தில் சுந்தரன் மறைந்து பாண்டி எஞ்சியது. மற்றோரிடத்தில் இரண்டும் மறைந்து ஆங்கில எழுத்துக்கள் இரண்டு எஞ்சின.

அண்மைக்காலத்தில் மற்றொரு மாற்றம் நிகழ்கின்றது. அயல்நாடு செல்வோர் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் எழுதுமாறு கேட்கப்படுகின்றனர். சுந்தரபாண்டியன் என்னும் ஒரு பெயரைச் சிலர் இரண்டாகப் பிளந்து, முன்பாதியைத் தம் பெயராகவும் பின்பாதியைக் குடும்பப்பெயராகவும் தருகின்றனர். அவர்தம் மக்கள் பாண்டியன் என்பதையே பின்னொட்டாகப் பெற்று வளர்கின்றனர். செழியன், வழுதி, மாறன் என்று பலவாறு வழங்கிய குடி, தன் குடிப்பெயரை ஒரு படிவத்தின் கட்டத்தில் நிரந்தரமாகப் பதித்துக்கொள்ளும் காலம் இது. நூறாண்டு கழித்து மேனாட்டு ஆராய்ச்சியாளர் ஒருவர் பாண்டியன் என்னும் அரிய குடும்பப்பெயரின் பிறப்பிடம் தேடித் தம் நாட்டுப் படத்தில் புள்ளியிடுவாராயின், கப்பியின் முறை அவர்க்கு உதவாது. அவர் மதுரைக்கும் தென்காசிக்கும் வந்தே தீரவேண்டும்.