பனியன் கம்பெனி அம்மாவும் ஐ.டி. அம்மாவும்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ‘ஒன்றரை ஷிப்டு’ என்றொரு கணக்கு உண்டு. காலை எட்டரைக்கு மிஷினில் உட்கார்ந்தால் எழுவதற்கு இரவு எட்டு, எட்டரை ஆகிவிடும். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு விடுமுறை. ஐ.டி. நிறுவனங்கள் நிறைந்த சென்னை ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் கணக்கு வேறு. நியமனக் கடிதத்தில் ஒன்பது மணி நேர வேலை என்றுதான் இருக்கும். ஆனால் அந்த ஒன்பது மணி நேரம் எப்போது முடிகிறது என்பதைக் கடிதம் எழுதியவராலும் சொல்ல முடியாது.

இந்த இரண்டு ஊர்களிலும் பள்ளி செல்லும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் பெண்களை அருகருகே வைத்துப் பார்க்க ஒரு காரணம் இருக்கிறது. மன அழுத்தம் பற்றி நம் பத்திரிகைகளில் வரும் ஆலோசனைகள் பெரும்பாலும் ஐ.டி. அம்மாவை நினைத்தே எழுதப்படுகின்றன. மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், உங்களுக்கென்று அரை மணி நேரம் ஒதுக்குங்கள் என்பார்கள். லைன் வீட்டில் பொதுக் குழாயில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு கம்பெனி வேனுக்கு ஓடும், தையல்காரருக்கு உதவியாளான கைமடிக்காரப் பெண்ணுக்கு அந்த அரை மணி நேரத்தை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது?

வேலையின் எல்லையிலிருந்து தொடங்கலாம். திருப்பூர்ப் பெண்ணின் வேலை மிஷின் நின்றதும் நின்றுவிடும். பவர் டேபிள் எனும் தையல் மிஷினை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது. ஷிப்மென்ட் நெருங்கும்போது ஞாயிறும் போகும், இரவும் நீளும். ஆனாலும் வேலை இருக்கும் இடம் கம்பெனிதான். ஐ.டி. பெண்ணின் வேலை அவர் கைப்பையிலேயே வீட்டுக்கு வருகிறது. நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்றால் சென்னையில் கோடையில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. பிள்ளை வீட்டுப்பாடம் எழுத உட்காரும் நேரமும், குக்கர் வைக்கும் நேரமும், வாடிக்கையாளர் அழைப்பு வரும் நேரமும் ஒன்றுதான். மைக்கை அணைத்து வைத்துவிட்டு ஒன்பதாம் வாய்ப்பாடு ஒப்பிக்கக் கேட்கும் அம்மாக்கள் அந்தச் சாலையில் எத்தனையோ பேர்.

பிரான்ஸ் 2017-லும் ஆஸ்திரேலியா 2024-லும் வேலை நேரத்துக்குப் பிறகு வரும் அலுவலகத் தொடர்பை மறுக்கும் உரிமையைச் சட்டப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்தன. நம் நாடாளுமன்றத்தில் மக்களவை உறுப்பினர் சுப்ரியா சுலே இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை.

போன் விஷயத்தில் திருப்பூர் நிலைமை நேர்மாறு. பல கம்பெனிகளில் தையல் லைனுக்குள் போன் கொண்டுபோக விடுவதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து பதினொரு மணிக்கு அழைத்தால், டீ நேரத்திலோ சாப்பாட்டு நேரத்திலோதான் அம்மாவுக்குத் தெரியும். ஒருவருக்கு அழைப்பு ஓயாதது தொல்லை, இன்னொருவருக்கு அழைப்பே எட்டாதது தொல்லை. எது பெரிது என்று கேட்டால் எனக்குத் தயக்கமில்லை, இரண்டாவதுதான். தெரிந்தும் போக முடியாத அவஸ்தையை விட, தெரியாமலே மணிக்கணக்காக டார்கெட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தோமே என்ற நினைப்பு நெடுநாள் உறுத்தும்.

இரு ஊர்களிலும் இந்தப் பெண்களில் பலர் வெளியூரிலிருந்து வந்தவர்கள். தேனி, திண்டுக்கல், தஞ்சாவூர் என்று கிளம்பி வந்து திருப்பூரில் வாடகைக்கு இருப்பவர்கள் ஒரு பக்கம், சொந்த ஊரில் பெற்றோரை விட்டுவிட்டு அடுக்குமாடியில் இருப்பவர்கள் மறுபக்கம். கூட்டுக் குடும்பம் இருவருக்குமே கையருகில் இல்லை. ஆனால் குழந்தை பிறந்ததும் வழி பிரிகிறது. சென்னையில் பாட்டி பெட்டியோடு குழந்தையிடம் வந்துவிடுகிறார். திருப்பூரில் பல வீடுகளில் குழந்தை பாட்டியிடம் அனுப்பப்படுகிறது. பத்துக்குப் பத்து அறையில் பாட்டிக்கு எங்கே பாய் விரிப்பது? பொங்கலுக்கும் ஆடி நோன்பிக்கும் ஊருக்குப் போய்ப் பார்க்கும் பிள்ளை அம்மாவிடம் வரத் தயங்கி நிற்கும். இந்தப் பாரத்தை இறக்கிவைக்க எந்தத் தியானச் செயலியும் உதவாது.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. முப்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948-ன் தொழிற்சாலைகள் சட்டமே 1976 திருத்தத்துக்குப் பின் சொன்னது. 2017-ல் வந்த மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் ஐம்பது பணியாளர் உள்ள நிறுவனங்களுக்கும் அதை விதித்தது. பெரிய ஐ.டி. வளாகங்களில் காப்பகத்தைப் பார்க்கலாம். ஆனால் ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கும் சின்னச் சின்ன யூனிட்களில் ஆள் எண்ணிக்கையே அந்த வரம்பைத் தொடாது.

ஆறுதல் தேடும் வழிகளும் வேறு. ஐ.டி. நிறுவனங்கள் ஆலோசகரின் தொலைபேசி எண்ணைத் தரும், யோகா வகுப்பு நடத்தும். (மாலை ஆறு மணிக்கு வகுப்பு வைத்தால், அது யாருக்கு அதிகம் தேவையோ அவர்தான் பிள்ளையைக் கூப்பிடக் கிளம்பிப் போயிருப்பார்.) திருப்பூரில் டீ நேரம் இருக்கிறது. பேக்கரி வாசலில் டீயும் பஜ்ஜியுமாகக் கூட்டமாக நின்று சூப்பர்வைசரைத் திட்டுவார்கள், மகளிர் குழுக் கடனுக்கு யார் பணம் தருவது என்று பேசுவார்கள், ஒருத்தி அழுதால் நான்கு பேர் தோளைத் தொடுவார்கள். ஆலோசகரிடம் மனசைத் திறக்க முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். பக்கத்து மிஷின்காரியிடம் அது தேவைப்படாது. ஆனால் பீஸ் ரேட்டும் வீட்டு வாடகையும் அந்தப் பேச்சால் மாறிவிடாது. காசால் வரும் கவலைக்குக் காசுதான் மருந்து. சமையலுக்கு ஆள் வைக்கவும், முடியாத நாளில் வெளியே சாப்பாடு வாங்கவும் ஐ.டி. பெண்ணால் முடிகிறது என்பதை மறந்துவிட்டு இருவர் சுமையும் ஒன்று என்று எழுதினால் அது பொய்.

சமீப ஆண்டுகளில் திருப்பூர்ப் பெண்ணின் காலை நேரத்தை உண்மையிலேயே லேசாக்கியது என்ன என்று பார்த்தால், அது மனப் பயிற்சியே அல்ல. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. பிள்ளைக்கு உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ பள்ளியிலேயே கிடைத்துவிடுவதால், எட்டரை மணி மிஷினுக்கு ஓடுகிற அம்மாவுக்கு ஒரு அடுப்பு வேலை குறைந்தது. 2021-ல் வந்த பெண்களுக்கான கட்டணமில்லா நகரப் பேருந்தும் இப்படித்தான். பஸ் காசுக்குக் கணவர் முகம் பார்க்கும் அவசியம் போயிற்று. ஒரு வேலை கையை விட்டுப் போனால்தான் மனசு லேசாகிறது. வேலை அப்படியே இருக்க மனசை மட்டும் பழக்கச் சொல்வது சுமப்பவரையே குறை சொல்வதில் போய் முடியும்.

கையை விட்டுப் போகாத வேலைகள் இரு வீட்டிலும் ஒன்றுபோல் இருக்கின்றன. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். ‘சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே’ என்பது லைன் வீட்டிலும் அடுக்குமாடியிலும் கேட்கிற வசனம். சொல்வதும் நினைவுபடுத்துவதும் கூட வேலைதான் என்பது இரண்டு வீட்டிலும் கணக்கில் வருவதில்லை.

ஆகவே கணவர்களே, உதவி செய்கிறேன் என்று வந்து நிற்க வேண்டாம். ஒரு வேலையை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் மதியச் சாப்பாடு உங்கள் பொறுப்பு என்றால், இரவே அரிசி இருக்கிறதா என்று பார்ப்பது முதல் மாலையில் டப்பா கழுவுவது வரை நீங்களே செய்யுங்கள், உங்களுக்கு யாரும் ஞாபகப்படுத்தாமல்.