கல்லிலும் கேடயத்திலும் ஒரு கோடு

ஆலயத்தினுள் நுழைந்ததும் நம் கண் பீடத்தை நோக்கும். பிறகு சுரூபங்களை நோக்கும். தூணிலும் வளைவிலும் ஓடும் கோடுகளை நின்று பார்ப்பவர் சிலரே. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இங்கு எழுத முற்பட்டேன். ரம்பத்தின் பற்களைப்போல ஏறி இறங்கி ஓடும் கோடு அது. தையற்காரர் ‘ஜிக்ஜாக்’ என்பாரே, அதேதான்.

1066-ஆம் ஆண்டு நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். அதன்பின் அவர்கள் எழுப்பிய ஆலயங்கள் பலவற்றில் இந்தக் கோடு காணப்படுகிறது. அவற்றுள் தலையாயது டர்ஹாம் பேராலயம். புனித கத்பெர்ட்டின் திருவுடலைக் காத்துவந்த புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளுக்காக, 1093-ல் ஆயர் வில்லியம் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1133-ல் பெரும்பகுதி நிறைவுற்றது. அங்குள்ள வட்டத் தூண்களின் உயரம் ஏறத்தாழ 22 அடி. சுற்றளவும் அதே 22 அடி! இத்தனை பருமனான தூண் வெறுமையாக நின்றால் கண்ணுக்குப் பாரமாகவே தோன்றும். எனவே சிலவற்றில் சாய்சதுரங்களையும், சிலவற்றில் சுருள்கோடுகளையும், சிலவற்றில் நமது ஜிக்ஜாக்கையும் ஆழமாக வெட்டினார்கள்.

இந்த வேலையின் அருமையைக் கொத்தர்களே நன்கு உணர்வார்கள். தூணை எழுப்பிவிட்டு அதன்மேல் கோடு வெட்டவில்லை. ஒவ்வொரு கல்லையும் தரையிலேயே செதுக்கி, பிறகுதான் மேலே ஏற்றி அடுக்கினார்கள். ஒரு கல்லில் முடியும் கோடு அடுத்த கல்லில் தொடங்கும் கோட்டோடு பொருந்தவேண்டும். ஓர் அங்குலம் பிசகினாலும் தூண் முழுவதும் கோணலாகத் தெரியும். வாசல் வளைவுகளிலோ இன்னும் நுட்பம். ஒவ்வொரு வளைவுக்கல்லும் தனக்குரிய பல்லைத் தாங்கி நின்று, பக்கத்துக் கல்லோடு கை கோத்துக்கொள்கிறது. இதைச் செய்தவர்களில் ஒருவருடைய பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. ஆயரின் பெயர் மட்டும் கிடைத்திருக்கிறது.

1200-ஐ ஒட்டிக் கூர்வளைவுக் கட்டடக்கலை பரவவே, கொத்தர்கள் இந்தக் கோட்டைக் கைவிட்டார்கள். ஆனால் அது மறையவில்லை. அதற்குள் போர்வீரர்களின் கேடயத்தில் ஏறிவிட்டிருந்தது.

தலைக்கவசம் முகத்தை மூடிய காலத்தில், போர்க்களத்தில் ஆளைக் கேடயத்தின் சின்னம் கொண்டே அடையாளம் கண்டார்கள். ஆகவே தூரத்திலிருந்து பார்த்தாலும் குழப்பம் நேராத வடிவங்கள் தேவைப்பட்டன. ஒரே ஒரு கூம்பாக, கூரையின் இரு கைமரங்கள் சேர்வதுபோல் இருந்தால் ‘செவ்ரான்’. அச்சொல்லுக்குப் பிரெஞ்சு மொழியில் கைமரம் என்றே பொருள். சிறுசிறு பற்கள் பல இருந்தால் அதற்கொரு பெயர். பெரிய பற்கள் சில மட்டும் இருந்தால் ‘டான்செட்டி’.

பொன்னிறக் கேடயம், நடுவே குறுக்காகக் கரிய ‘டான்செட்டி’ப் பட்டை. இது யார்க்ஷயரில் ஹேசல்வுட் என்னும் ஊரில் வாழ்ந்த வாவசர் குடும்பத்தின் சின்னம். 1300-ல் மன்னர் முதலாம் எட்வர்ட் ஸ்காட்லாந்தில் கார்லாவராக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வில்லியம் வாவசர் இக்கொடியோடு சென்றார். ஆயினும் அந்தக் குடும்பத்தின் பெயர் போரினால் நிலைக்கவில்லை, கல்லினால் நிலைத்தது. டாட்காஸ்டர் ஊருக்கருகே அவர்களுக்கு ஒரு சுண்ணாம்புக் கற்சுரங்கம் இருந்தது. யார்க் பேராலயம் கட்ட அங்கிருந்து கல் எடுத்துக்கொள்ள அவர்கள் அனுமதி கொடுத்தார்கள். கற்கள் ஆற்றுவழியே படகில் யார்க் நகருக்குச் சென்றன. பேராலயத்தின் மேற்கு வாசலில், மரம் வழங்கிய பெர்சி குடும்பத்தவரும் கல் வழங்கிய வாவசர் குடும்பத்தவரும் சிலையாக நிற்கிறார்கள்.

பிறகு காலம் மாறிற்று. 1559-ல் முதலாம் எலிசபெத் அரசியின் சட்டம் திருப்பலியைத் தடைசெய்தது. 1581 முதல், அரசாங்க வழிபாட்டுக்கு வராதவர்களுக்கு மாதம் 20 பவுன் அபராதம். அந்நாளில் அது குடும்பத்தையே அழிக்கக்கூடிய தொகை. தங்கள் முன்னோரின் கல்லால் எழுந்த பேராலயத்தில் வாவசர் குடும்பத்தினர் தங்கள் முறைப்படி முழந்தாளிட இடமில்லாமல் போயிற்று. அவர்கள் விசுவாசத்தை விடவில்லை. ஹேசல்வுட் மாளிகையை ஒட்டிய புனித லியோனார்ட் சிற்றாலயத்தில், தடைக்காலம் முழுவதும் திருப்பலி அற்றுப்போகாமல் நிகழ்ந்துவந்தது.

1829 பிப்ரவரியில் ஒருவன் யார்க் பேராலயத்தில் ஒளிந்திருந்து தீ வைத்தான். பாடகர் பகுதி முழுவதும் எரிந்து விழுந்தது. அதே ஆண்டில்தான் கத்தோலிக்கர்களுக்குப் பாராளுமன்றத்தில் அமரும் உரிமையும் திரும்பக் கிடைத்தது. எரிந்ததைத் திரும்பக் கட்டக் கல் தேவைப்பட்டது. அப்போதும் அந்த ஆலயம் அவர்களுடையதாக இல்லை. ஆனாலும் ஹேசல்வுட் மாளிகையில் இருந்த வாவசர், தம் முன்னோர் செய்ததுபோலவே, பழைய சுரங்கத்தைத் திறந்துவிட்டார்.