நிலப்பதிவேடும் பொதுமதிப்பும்

அரசு நிறுவனம் ஈட்ட வேண்டியது இலாபமன்று, மக்கள் கூட்டாகப் பெறும் பயனே என்னும் கருத்தை ஹார்வர்டு பேராசிரியர் மார்க் மூர் 1995-இல் வெளியான தம் நூலில் ‘பொதுமதிப்பு’ என்னும் பெயரால் நிறுவினார். பயன் உண்மையானதாக இருப்பதோடு, அதற்கு மக்களின் ஏற்பும் அதனைச் செய்து முடிக்கும் நிருவாகத் திறனும் வேண்டும் என்றார் அவர். கணினிவழி அரசுப் பணிகளை, அதாவது மின்னாளுகையை, இவ்வளவுகோலால் அளக்கக் நிலப்பதிவேடுகளைக் கணினியேற்றிய கருநாடக அரசின் ‘பூமி’ திட்டம் தக்க சான்றாகும்.

அங்கு உழவர் பயிர்க்கடனுக்காக வங்கியில் காட்டும் ஆவணம் ‘பஹணி’ எனப்படும். உரிமையாளர் பெயர், பரப்பு, பயிர், கடன்பொறுப்பு ஆகியவற்றைத் தாங்கும் அது, தமிழ்நாட்டின் சிட்டாவும் அடங்கலும் ஒன்றாகச் சேர்ந்தாற் போன்றது. கையால் எழுதிய அப்பதிவேடுகள் ஏறத்தாழ 9,000 கிராமக் கணக்கர்களிடம் இருந்தமையால், நகல் வேண்டியவர் அவர்களைத் தேடி அலைந்து, கையூட்டும் கொடுக்க நேர்ந்தது. சுமார் 67 லட்சம் உழவர்களுக்குரிய 2 கோடிப் பதிவுகள் கணினியேறியபின், வட்ட அலுவலக மையத்திலேயே 15 ரூபாய்க்கு நகல் கிடைத்தது. பணியாளரின் திரையோடு உழவரை நோக்கிய இரண்டாவது திரையொன்றும் அங்கு வைக்கப்பட்டதால், தம் பெயரும் பரப்பும் சரியா என்பதை அவர் அங்கேயே நின்று பார்த்துக்கொள்ள முடிந்தது. பெயர்மாற்ற விண்ணப்பங்கள் வந்த வரிசைப்படியே எடுத்துக்கொள்ளப்பட்டன. அலுவலர் விரல்ரேகை வைத்த பின்னரே பதிவைத் திருத்த இயன்றது. ஆயினும், இவையனைத்தினும் வலிமை வாய்ந்தது கையெழுத்துப் படிகள் இனிச் செல்லா என்று அரசு அறிவித்த முடிவே. அம்முடிவின்றேல் கணினி ஒருபுறம் ஓட, கணக்கரின் பதிவேட்டுக் கட்டு மறுபுறம் ஆட்சி செய்திருக்கும்.

எனினும் இத்திட்டம் பெருநகரையொட்டிய நிலங்களைப் பெருமுதலாளர் வளைத்துக்கொள்ள வழிவகுத்தது என்று 2007-இல் பெங்களூரை மையமாகக் கொண்டு சாலமன் பெஞ்சமினும் பிறரும் செய்த ஆய்வு குறை கூறியது. அக்குறையைப் புறந்தள்ளலாகாது. வாய்மொழிக் குத்தகையில் உழுபவரும், தந்தை பெயரிலேயே தங்கிவிட்ட நிலத்தில் பங்குள்ள பெண்மக்களும் பழைய ஏட்டில் இல்லாதபோது, புதிய திரையிலும் இரார்.

தமிழ்நாட்டில் இன்று பட்டா, சிட்டா விவரங்களைப் புல எண் கொண்டு இணையத்தில் காணலாம். ஆனால், பாகம் பிரித்த நிலத்தை உட்பிரிவு செய்ய, நில அளவர் வயலில் இறங்கி எல்லைக்கல்லைப் பார்த்து அளந்தே தீரவேண்டும். அவரது பணியிடத்தை நிரப்பும் செலவையும் மின்னாளுகையின் செலவாகவே அரசு கருத வேண்டும்.